காவடி இறக்கியதும் குடி திரும்பிவிடுகிறது, எந்தக் குழுவுக்குப் போவது?

கேள்வி: எனக்கு வயது 43. பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறேன், பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் டெக்னீஷியன், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை மட்டும் பீர், இப்போது தினமும் அரை பாட்டில் விஸ்கி. வருடா வருடம் தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து தண்ணீர்மலையில் காவடி எடுப்பேன், அந்த நாட்களில் ஒரு சொட்டு தொட மாட்டேன். இந்த வருடம் விரதம் தொடங்கிய முதல் மூன்று நாள் கை நடுக்கம், வேர்வை, தூக்கமே இல்லை. சமாளித்துக் காவடியும் எடுத்தேன். இறக்கிய அந்த வாரமே மறுபடி ஆரம்பித்துவிட்டேன். ஏதோ குழு இருக்கிறது, அங்கே போங்கள் என்கிறாள் மனைவி. அது சர்ச்சில் நடக்கிறதாம், இங்கிலீஷில் பேசுவார்களாம். தெரிந்தவர்கள் பார்த்தால் மானம் போய்விடும். நான் ரோட்டில் விழுந்து கிடக்கிற குடிகாரன் இல்லை, வேலைக்கு ஒழுங்காகப் போகிறேன். 48 நாள் நிறுத்த முடிந்தவனுக்குக் குழு எதற்கு? இன்னொன்று, சமையலறையில் ஒரு பொடி பாக்கெட் பார்த்தேன். சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடி மறந்துவிடும் என்று மனைவி ஆன்லைனில் வாங்கியிருக்கிறாள்.

பதில்: குழுவைப் பற்றிச் சொல்கிறேன், ஆனால் நடுங்கிய கையைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். விரதத்தின் தொடக்கத்தில் இப்படி வந்தால் உடம்பில் இருக்கிற அழுக்கு வெளியே போகிறது என்றுதான் நம் ஆட்கள் சொல்வார்கள், கேட்கிறவரும் நம்பிவிடுவார். உண்மையில் அது மதுவை நிறுத்தியதும் மூளை காட்டும் எதிர்வினை. தினமும் மது வந்து அமுக்கிக்கொண்டே இருப்பதால் மூளை அதற்கு எதிராகத் தன் விறுவிறுப்பை ஏற்றி வைத்திருக்கும், திடீரென்று மது நின்றதும் அந்த விறுவிறுப்பைப் பிடித்து நிறுத்த ஆள் இருக்காது. கடைசியாகக் குடித்து ஆறு எட்டு மணி நேரத்தில் நடுக்கமும் வேர்வையும் தொடங்கும். சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும், இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாத உருவங்கள் தெரிந்து, நாள் கிழமை மறந்து, காய்ச்சலோடு பிதற்ற ஆரம்பிப்பார்கள். சிகிச்சை இல்லாமல் விட்டால் அதில் உயிரே போகலாம். ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் அடுத்த முறை இது இன்னும் கடுமையாக வர வாய்ப்பு உண்டு. போன வருடம் சும்மா இருந்தது, இந்த வருடம் மூன்று நாள் ஆட்டியது என்றால், அடுத்த வருட விரதத்தை நீங்களாகவே வீட்டில் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் இந்தக் கடிதத்தைப் படித்த ஆவேசத்தில் இன்று இரவே பாட்டிலைக் கொட்டிவிடாதீர்கள். பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசு சுகாதார கிளினிக்குக்குப் போங்கள், மலேசியக் குடியுரிமை உள்ளவர்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். 'தினமும் அரை பாட்டில், நிறுத்தினால் கை நடுங்குகிறது' என்று டாக்டரிடம் இப்படியே சொல்லுங்கள், அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். சில நாட்களுக்கு டயஸெபாம் போன்ற மாத்திரையைக் கொடுத்து மெதுவாகக் குறைப்பார்கள், பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். தேவைப்பட்டால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் எழுதித் தருவார்கள். மனநலப் பிரிவு என்றதும் பயப்பட வேண்டாம், குடிக்கான சிகிச்சை அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. இடையில் வலிப்போ பிதற்றலோ வந்தால் காத்திருக்கக் கூடாது. 999, இல்லையென்றால் செபராங் ஜெயா மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

இன்னொரு கணக்கு, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அரை பாட்டில் விஸ்கியில் சுமார் 110 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. உடம்பு மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம்தான் எரிக்கும். இரவு பதினொரு மணிக்குக் கடைசி மடக்கைக் குடித்தவர் காலை ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் ஏறும்போது தெளிவாக இருப்பதாக நினைப்பார், ரத்தத்தில் மிச்சம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். 2020ல் சட்டத்தைத் திருத்தி, வண்டி ஓட்டுபவருக்கான மது வரம்பை 100 மில்லி லிட்டர் ரத்தத்துக்கு 50 மில்லி கிராமாகக் குறைத்துவிட்டார்கள். 'வேலைக்கு ஒழுங்காகப் போகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தப் போகிற வழியையும் கொஞ்சம் யோசியுங்கள்.

சரி, 48 நாள் நிறுத்த முடிந்தவனுக்குக் குழு எதற்கு? நல்ல கேள்வி. விரதம் தொடங்கியதும் வீட்டில் என்னென்ன நடக்கிறது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மனைவி தனிப் பாத்திரத்தில் சைவம் சமைக்கிறார், நீங்கள் தரையில் பாய் விரித்துப் படுக்கிறீர்கள், சாயங்காலம் ஆனால் கோயிலுக்குப் போகிறீர்கள், அங்கே உங்களைப் போலவே விரதம் இருக்கிற ஏழெட்டுப் பேரைப் பார்க்கிறீர்கள். கோப்பிக்கடையில் எப்போதும் கூட உட்காருகிற நண்பர்கள்கூட 'அவன் விரதம், விடுங்கடா' என்று தாங்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். கம்பெனி டின்னரில் பீர் வந்தால் வேண்டாம் என்று சொல்ல உங்களிடம் ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்த 48 நாளும் உங்களைச் சுற்றி இருபது முப்பது பேர் நின்று தாங்குகிறார்கள். காவடி இறக்கிய மறுநாள் அத்தனை பேரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள், போதாததற்கு 'முடிஞ்சிருச்சா, வா' என்று ஒரு போன் வருகிறது. மன உறுதி இல்லாதவர் முதுகில் அலகு குத்திக்கொண்டு அந்தப் படிகளை ஏற மாட்டார், உங்களிடம் அது நிறையவே இருக்கிறது. தைப்பூசம் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தில் உங்களைச் சுற்றி நிற்க ஆள் இல்லாததுதான் குறை. அந்த ஆட்களைத்தான் குழுவில் தேடப் போகிறீர்கள்.

உங்கள் மனைவி சொல்வது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவாக இருக்கும், சுருக்கமாக ஏ.ஏ. 1935ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் குடியை விட முடியாமல் தவித்த இரண்டு பேர், ஒருவர் பங்குச்சந்தைக்காரர், இன்னொருவர் அறுவை சிகிச்சை மருத்துவர், ஒருவரோடு ஒருவர் பேசிப் பேசியே குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டுகொண்டதில் தொடங்கியது. இன்றும் அடிப்படை அதுதான். டாக்டரும் இல்லை, கவுன்சலரும் இல்லை, குடித்தவர்களே குடித்தவர்களுக்கு நடத்துகிறார்கள். சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. ரோட்டில் விழுந்திருக்க வேண்டும், வேலை போயிருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் கிடையாது. உங்கள் நிலை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற பத்துக் கேள்விப் பட்டியல் இருக்கிறது, கிளினிக்கிலேயே கேட்கலாம். நாற்பதுக்கு எட்டு வந்தாலே கவனிக்க வேண்டிய நிலை. உங்களுக்கு எவ்வளவு வரும் என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது, நீங்களே போட்டுப் பாருங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பினாங்கிலும் கோலாலம்பூரிலும் ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றன. ஏ.ஏ. மலேசியா என்று தேடினால் கூட்டங்களின் பட்டியலும் தொடர்பு எண்ணும் வரும். பட்டியலில் போட்டிருக்கிறது என்று நேராகக் கிளம்பிவிடாதீர்கள், இடமும் நேரமும் மாறும். முதல் தடவை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டால் திரும்புகிற வழியில் கடை திறந்திருக்கும். முதலில் போன் பண்ணுங்கள், அல்லது வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போடுங்கள்: 'புதிய ஆள், பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், ஷிஃப்ட் வேலை, எந்தக் கூட்டத்துக்கு வரலாம்?' இது போதும், முழுப் பெயர்கூட வேண்டாம். எடுக்கிறவரும் ஒரு காலத்தில் இதே போனைத் தயங்கித் தயங்கிப் பண்ணியவர்தான், தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்றும் அவரிடமே கேளுங்கள். இணையத்தில் துழாவப் பிடிக்காவிட்டால் அரசு மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணிப் பிரிவில் விசாரியுங்கள், எந்தக் குழு இப்போது உயிரோடு இருக்கிறது என்று அங்கே தெரிந்திருக்கும்.

சர்ச் விஷயம். ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்தது இல்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் கொள்கை, அதனால் வாடகை குறைவான அறையாகப் பார்ப்பார்கள், சர்ச் ஹால் அப்படிக் கிடைக்கிற இடம். பூசைக்கும் அந்தக் கூட்டத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் கடவுள் பேச்சே வராது என்று சொன்னால் அது பொய். குடியை விடுவதற்கு அவர்கள் பின்பற்றுகிற பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்ற குறிப்போடு. முருகனை நினைத்துக்கொண்டு உட்காருங்கள், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கூட்டத்தில் ஒரு பொதுப் பிரார்த்தனை சொல்வார்கள், பிடிக்காவிட்டால் வாயைத் திறக்காமல் நிற்கலாம்.

உள்ளே போனால் என்ன இருக்கும் என்று தெரியாததுதான் பாதிப் பயம், அதனால் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் சுடுதண்ணிக் குடுவையும் மைலோவும் பிஸ்கட்டும், ஒரு மேசையில் சில சிறு புத்தகங்கள். கதவோரம் ஒருவர் நின்று கை கொடுப்பார், புதியவரா என்று கேட்பார், ஆமாம் என்றால் போதும். ஒருவர் தலைமை தாங்கி ஒரு சிறிய அறிமுகத்தை வாசிப்பார். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்வார்கள். தமிழ்க் கூட்டமாக இருந்தால் 'என் பெயர் இன்னார், நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்குவார்கள். உங்கள் முறை வந்தால் 'இன்று கேட்க வந்திருக்கிறேன்' என்று சொல்லிவிடலாம், வற்புறுத்த மாட்டார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை, நம் வீட்டு விசேஷங்களில் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்தால் நடப்பதற்கு நேர் எதிர். நடுவில் ஒரு பை சுற்றி வரும், அதில் ஐந்து பத்து வெள்ளி போடுவார்கள், அது ஹால் வாடகைக்கும் மைலோவுக்கும். நீங்கள் புதியவர், போட வேண்டியதில்லை. ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. முடிந்ததும் உடனே ஓடிவிடாதீர்கள், நாற்காலி அடுக்குகிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் போன் நம்பர் கைமாறும். இரவு பத்து மணிக்குக் கை பரபரக்கும்போது நீங்கள் கூப்பிடப்போவது அந்த நம்பரைத்தான்.

கதவு விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். சில கூட்டங்கள் திறந்தவை, குடும்பத்தாரும் வரலாம். சில மூடியவை, குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும்.

தெரிந்தவர் பார்த்துவிட்டால்? பார்க்கலாம்தான், பினாங்கு அவ்வளவு பெரிய ஊர் இல்லை. ஆனால் அந்த அறையில் உங்களைப் பார்க்கிறவர் அங்கே எதற்கு வந்திருப்பார்? அங்கே யாரைப் பார்த்தோம் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது அந்த இயக்கத்தின் பெயரிலேயே இருக்கிற விதி, அனானிமஸ் என்றால் பெயர் வெளியிடாதவர். யார் வந்தார் என்று பதிவேடு கிடையாது, கம்பெனிக்கோ போலீஸுக்கோ எதுவும் போகாது. அப்படியும் மனசு ஒப்பாவிட்டால் பெருநிலத்துக்காரர் தீவுக்குப் போகலாம், தீவுக்காரர் பாலம் தாண்டி இந்தப் பக்கம் வரலாம், எப்படியும் தினமும் தாண்டுகிற பாலம்தானே. கொஞ்சம் கடுமையாகச் சொன்னால் மன்னியுங்கள், தினமும் அரை பாட்டில் குடிப்பது உங்கள் புளோக்கில் யாருக்கும் தெரியாது என்று நீங்கள் நம்பினால், கீழ்வீட்டு அக்காவிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மொழிதான் உண்மையான சிக்கல். குடியைப் பற்றி மனம் விட்டுப் பேசுவதற்கு வேலையிட இங்கிலீஷ் போதாது, அழுகை வரும்போது தமிழ்தான் வரும். நேரில் தமிழ்க் கூட்டம் உங்கள் பக்கம் அமையாவிட்டால் ஆன்லைன் கூட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏ.ஏ. நன்றாக வேரூன்றியிருக்கிறது, தமிழில் பேசுகிற ஜூம் கூட்டங்கள் அங்கிருந்து நடக்கின்றன. நம் நேரம் அவர்களைவிட இரண்டரை மணி முன்னால், அங்கே மாலை ஏழு என்றால் நமக்கு ஒன்பதரை, பகல் ஷிஃப்ட் முடித்துச் சாப்பிட்டுவிட்டு உட்காரத் தோதான நேரம். இரவு ஷிஃப்ட் வாரத்தில் தூக்கம் வரவில்லை என்று காலையிலேயே ஊற்றுகிற பழக்கம் பலருக்கு உண்டு, உங்களுக்கும் இருந்தால் அந்தக் காலை எட்டு மணி அமெரிக்காவில் முன்னிரவு, இங்கிலீஷ் கூட்டங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். கேமராவை மூடிவிட்டுக் கேளுங்கள், சும்மா காதில் விழுந்தாலும் போதும். ஆனாலும் ஆன்லைனிலேயே நின்றுவிடாதீர்கள், திரையில் இருக்கிறவர் உங்கள் வீட்டு வாசலுக்கு வர முடியாது. நேரில் இங்கிலீஷ் கூட்டம், மனசுக்குத் தமிழ்க் கூட்டம் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் வேலை செய்யுமா என்று கேட்பீர்கள். 2020ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றியவை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஏ.ஏ.வுக்குள் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற சிகிச்சையில் ஒரு வருடம் கழித்து முழுவதும் குடிக்காமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 42 பேர், மற்ற பேச்சு சிகிச்சைகளில் 35 பேர். ஏ.ஏ.வுக்குப் போனவர்களிலும் பாதிப் பேருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் மறுபடி தொட்டிருக்கிறார்கள் என்பதையும் அந்த எண்ணே சொல்கிறது. நான் இதை நல்ல மருந்து என்கிறேன், மந்திரம் என்று சொல்லவில்லை. குழுவோடு மருந்தும் சேரலாம், நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று ஆசையைத் தணிக்கிற மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேளுங்கள். ஏ.ஏ.வின் பேச்சு ஒத்துவரவில்லை என்றால் கடவுள் பேச்சு இல்லாத ஸ்மார்ட் ரிக்கவரி இருக்கிறது, ஆன்லைனில் கிடைக்கும். ஒரே கூட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் இருக்கும். மாதம் ஆயிரக்கணக்கில் வாங்குகிற தனியார் இல்லங்களைப் பற்றி யாராவது சொன்னால், பதிவு இருக்கிறதா, நடுக்கம் வரும் நாட்களில் டாக்டர் பார்ப்பாரா, குடும்பம் வந்து பார்க்க விடுவார்களா என்று கேட்காமல் காசு கட்டாதீர்கள்.

பொடி. அதைச் சாப்பிட வேண்டாம், கலக்கவும் வேண்டாம். இந்த மாதிரிப் பொடிகளில் டைசல்ஃபிராம் கலந்திருக்கலாம். அது டாக்டர் கொடுக்கிற உண்மையான மருந்துதான், ஆனால் அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்துவிடும், ஆளையே சாய்த்த சம்பவங்கள் உண்டு. தெரிந்து, சம்மதித்து எடுப்பவருக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், இந்நாட்டில் பதிவான மருந்துக்கு எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் ஹாலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். அது இல்லையென்றால் குப்பையில் போடுங்கள். மனைவியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வேறு வழி தெரியாதவர்தான் சாப்பாட்டில் கலக்கிற அளவுக்குப் போவார். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்று தனிக் குழு 1951லிருந்து இருக்கிறது, அதற்கும் ஆன்லைன் கூட்டங்கள் உண்டு. நீங்கள் குழுவுக்குப் போனாலும் போகாவிட்டாலும் அவர் அதில் சேரலாம், உங்கள் அனுமதி தேவையில்லை. இதை அவரிடம் காட்டுங்கள்.

ஒருவேளை நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால் அடுத்த கூட்டத்தை விட்டுவிடாதீர்கள். குடித்த அன்றேகூடப் போய்ப் பின்வரிசையில் பேசாமல் உட்காரலாம், துரத்த மாட்டார்கள். மனசு ரொம்ப இருண்டு போகிற இரவு வந்தால், மனம் விட்டுப் பேசக் காது கொடுக்கிற உதவித் தொலைபேசிச் சேவை பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டுதான். அடுத்த ஆஃப் நாளில் கிளினிக், அதற்கு முன் குழுவுக்கு ஒரு போன். கூட்டத்துக்கு மனைவியையும் கூட்டிப்போக நினைத்தால் எது திறந்த கூட்டம் என்று அந்தப் போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், ஷிஃப்ட் அட்டவணையை எதிரில் வைத்துக்கொண்டு பேசினால் தேதியையும் அப்போதே முடிவு செய்துவிடலாம்.